நாய்த்தொட்டில்

எங்கள் பக்கத்தில் அடுத்தவன் காருக்குள் எட்டிப் பார்ப்பது அவன் சட்டைப் பையில் கை விடுவதற்குச் சமம். ஆனாலும் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். நானும்தான். கடற்கரைப் பக்கம் போய் வந்தவன் கால்மிதியில் செம்மண் இருக்கும். மிர்னா ஆற்றங்கரைக் காட்டுக்குள் புகுந்து வந்தவன் காரில் சாம்பல் நிறக் களிமண். மலை மேலே போனவனுக்கு வெள்ளைச் சுண்ணாம்புப் பொடி. அதற்கு மேல் ஒரு இலையோ, நாயின் வயிற்று முடியில் ஒட்டிய ஒரு விதையோ கிடைத்துவிட்டால் போதும், எந்த ஓடை, எந்த வளைவு என்பது வரைக்கும் சொல்லிவிடுவோம்.

இதெல்லாம் ஒரு காளானுக்காக. உலகம் ட்ரஃபிள் என்று சொல்கிறதே, அது. மண்ணுக்கு அடியில் மரத்தின் வேரை ஒட்டி விளையும். மனிதன் கண்ணுக்குத் தெரியாது, நாய் மோந்துதான் எடுக்க வேண்டும். அதிலும் வெள்ளை ரகம் இலையுதிர் காலத்தில் மட்டும்தான். முட்டை அளவுக்கு ஒன்று கிடைத்தால் அந்த மாதம் வீட்டில் யாரும் யாரோடும் சண்டை போட மாட்டார்கள். ஒரு வருடம் கிடைத்த இடத்தில் மறு வருடமும் கிடைக்கும் என்பதால் இடத்தை யாரும் வாய் விட்டுச் சொல்வதில்லை. பெற்ற மகனிடம்கூடச் சொல்லாமல் செத்துப்போன அப்பன்கள் இந்த ஊர்க் கல்லறையில் நிறையப் பேர் படுத்திருக்கிறார்கள். என் பெயர் லொரேத்தா. மகளைக் கட்டிக்கொடுத்து அவளுக்கு ஒரு பிள்ளையும் ஆகிவிட்டது, என் புருஷனிடம் நான் இன்னும் என் இடத்தைச் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டைதான் நடந்திருக்கும்.

என் இடம் ஒரு இடிந்த மாவு ஆலைக்குப் பின்னால் இருக்கிறது. ஆலை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓடையை ஒட்டி வரிசையாகப் பாப்ளர் மரங்கள். அதில் ஒரு மரத்தடி என்னுடையது. நிலம் என்னுடையது இல்லை, மரமும் இல்லை. அங்கே காளான் வருகிறது என்ற விஷயம் மட்டும்தான் என் சொத்து. எங்கள் வீட்டுக் கூரை அந்த மரத்தடியிலிருந்து வந்தது. மகள் ஊரை விட்டுப் போய்ப் படித்ததும் அதனால்தான். இன்னொருவன் மோப்பம் பிடித்துவிட்டால் மண்வெட்டியும் கையுமாக வந்து வேரைக் கொத்திக் குதறிவிட்டுப் போவான். பிறகு அந்த மரம் எனக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை.

போன வருடம் முதல் தடவையாக ஒரு நல்ல கார் வாங்கினோம். நிறத்தைத் தேர்ந்தெடுத்தது என் புருஷன் எவெலினோ. அவன் பஸ் ஓட்டுகிறவன், வண்டி விஷயத்தில் அவன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. வெளியே நீலம், உள்ளே சீட்டெல்லாம் பால் நிறம்.

"சேத்துல புரள்ற ரெண்டு நாயை வச்சுக்கிட்டு எவனாவது பால் கலர் சீட்டு வாங்குவானா?" என்று கடையிலேயே கத்தினேன்.

"நாய் வண்டிய அழுக்காக்காது லொரேத்தா. மனுஷன்தான் ஆக்குவான். நீ ஓட்டு, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றான்.

பார்த்துக்கொண்டான் என்றால் சும்மா இல்லை. பழைய கூடாரத்துத் தார்ப்பாயை வெட்டி, பின் சீட்டுக்கு ஒரு தொட்டில் தைத்தான். ஒரு பக்கம் முன் சீட்டின் தலைச்சாய்ப்பில் மாட்டும், இன்னொரு பக்கம் பின் சீட்டின் தலைச்சாய்ப்பில். நடுவில் பள்ளமாகத் தொங்கும். நாய் எழுந்து நின்றாலும் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் மண் இறங்காது. பெல்ட் வருவதற்கு இரண்டு ஓட்டை வைத்து ஓரம் அடித்திருந்தான், நாய்களின் மார்ப்பட்டையை அதில் மாட்டலாம். மாட்டாவிட்டால் எங்கள் இளைய நாய் மோரோ முன்னால் தாவி என் மடியில் உட்கார்ந்துகொண்டு தானே ஓட்டுகிற மாதிரி ஜன்னலில் தலை நீட்டுவான். கதவுகளுக்கு உள்பக்கம் குளியலறைக் கால்மிதியை வெட்டி ஒட்டினான், நகம் கீறாமல் இருக்க. டிக்கியில் ஒரு தண்ணீர்க் கேனும், கேக் சுடும் பழைய தட்டும். காட்டிலிருந்து வந்ததும் நாயின் கால்களை ஒவ்வொன்றாக அந்தத் தட்டில் நனைத்துக் கழுவி, துண்டால் ஒற்றி, அப்புறம்தான் ஏற்ற வேண்டும். முடியை எடுக்க ரப்பர் கையுறையை ஈரமாக்கி ஒரே திசையில் தடவ வேண்டும். நாற்றத்துக்கு வினிகர் கலந்த தண்ணீர். இவ்வளவையும் எனக்கு வகுப்பு எடுத்தான். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டேன்.

மூத்த நாய், கிழவி பீபாவுக்கு ஒரே நாளில் பழகிவிட்டது. காலைக் காட்டிக்கொண்டு ராணி மாதிரி நிற்பாள். மோரோ சின்னப் பயல். கழுவி, துடைத்து, ஏற்றி, கதவைச் சாத்தப் போகிற நொடியில்தான் அவனுக்கு உடம்பைச் சிலிர்த்துக்கொள்ளத் தோன்றும். அதற்கும் எவெலினோ ஒரு வழி வைத்திருந்தான். மகளின் பழைய குளியல் அங்கியை வெட்டி மோரோவுக்குச் சட்டை மாதிரி மாட்டிவிட்டான். ஊரே சிரித்தது.

இரண்டு வாரம் ஆனதும் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. காட்டிலிருந்து வந்து அந்தத் தொட்டிலை நாலு மூலையும் சேர்த்துச் சுருட்டி எடுத்துவிட்டால், காருக்குள் ஒரு துளி மண் இல்லை, ஒரு இலை இல்லை. இனி எவன் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கட்டும். என் கார் வாயே திறக்காது. அன்றிலிருந்து நான் அந்தத் தொட்டிலைக் கிண்டல் செய்வதை விட்டுவிட்டேன். எவெலினோவிடம் காரணம் சொல்லவில்லை.

வால்டெருக்கு அது பொறுக்கவில்லை. வால்டெர் எங்கள் மகளுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தன்று குழந்தையைக் கையில் ஏந்தியவன், அதனால் அவனுக்கு நான் கூமா, எனக்கு அவன் கூமே. அந்த உறவு இருக்கிறவன் எங்கள் ஊரில் கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் வரலாம். வால்டெரும் காளான் எடுக்கிறவன்தான். மூன்று நாய், பெரிய ஜீப். நல்லவன், வேடிக்கையாகப் பேசுவான், நம்மைப் புதைக்க வேண்டி வந்தால் பெட்டியை முதலில் தூக்குகிறவனும் அவனாகத்தான் இருப்பான். ஆனால் என் இடத்தைக் கண்டுபிடித்தால் மறுநாள் காலையே வந்து தோண்டுவான், சாயங்காலம் என் வீட்டுக்கே வந்து மால்வாசியா வைனும் குடிப்பான். அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. எப்போது வந்தாலும் இரண்டாவது கிளாஸ் கேட்டு வாங்கிக் குடிப்பான். ஒரே கிளாஸோடு எழுந்தான் என்றால் மனதில் எதையோ வைத்திருக்கிறான் என்று அர்த்தம். இரண்டாவது கிளாஸில் வாய் தளர்ந்துவிடும் என்று அவனுக்கே தெரியும். ஊருக்கும் தெரியும்.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவன், நேராக என் காரின் பின்கதவைத் திறந்தான்.

"என்ன கூமா, நாயை ஏத்திட்டுப் போறியா, பச்சப்புள்ளைய ஏத்திட்டுப் போறியா? தொட்டிலெல்லாம் கட்டி வச்சிருக்க?"

"என் நாய் சம்பாதிக்குது கூமே, தொட்டில்ல படுக்குது. உன் நாயும் சம்பாதிச்சா நீயும் கட்டு."

"என் வண்டியில நாய் நாயாத்தான் வரும். ஈரத் துணியால ஒரு இழுப்பு, கதை முடிஞ்சுது. இதென்ன, கால் கழுவ தட்டு, துடைக்கத் துண்டு? அடுத்தது பாதிரியாரக் கூப்பிட்டு மந்திரிக்கணுமா?"

பேசிக்கொண்டே கையை சீட்டின் இடுக்கில் விட்டுத் துழாவினான். டிக்கியைத் திறந்து கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தான். தேடு ராஜா, நன்றாகத் தேடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு இடுப்பில் கை வைத்து நின்றேன். விரலைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, வினிகர் வாசனையில் தும்மினான். எனக்கு அன்று சாப்பாடு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கியது. சமையலறை ஜன்னலில் நின்று எவெலினோவும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் நல்ல மழை. வெள்ளிக்கிழமை காலை ஆலைக்குப் பின்னால் போனேன். ஓடை நிரம்பி, நாய்கள் வயிறு வரைக்கும் சேறு. பீபா என் மரத்தடியில் இரண்டு தடவை நின்று மோந்தாள், தோண்டாமல் என் முகத்தைப் பார்த்தாள். பழுத்தால்தான் வாசனை எழும். இன்னும் ஒரு நாள் என்று அவள் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. வேறு இடத்தில் கிடைத்த சின்னதுகளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எவெலினோவுக்கு அன்று பிற்பகல் பஸ். வாசலிலேயே நாய்களை இறக்கி, தொட்டிலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனான். நான் சுத்தமான காரை ஓட்டிக்கொண்டு டவுனுக்குப் போய் காளானைக் கொடுத்துவிட்டு, அப்படியே ரொட்டியும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். எங்கள் தெரு வளைவில் திரும்பியதும் பிரேக்கை மிதித்துவிட்டேன்.

ரோட்டைப் பார்த்த எங்கள் இரும்பு வேலியில் அந்தத் தொட்டில் விரித்துக் காயப்போட்டிருந்தது. எவெலினோ அரைகுறையாகத் தண்ணீர் ஊற்றியிருந்தான் போலிருக்கிறது. சேறு அப்படியே அப்பிக்கிடந்தது. போகிற வருகிறவன் எல்லாம் படிக்கிற மாதிரி. அதன் முன்னால் வால்டெர் நின்றுகொண்டிருந்தான். வலது கையில் வைன் கிளாஸ். இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எதையோ வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். மூக்கில் வைத்து மோந்தான். கார் சத்தம் கேட்டதும் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"வா கூமா. எவெலினோ நல்ல வேலைக்காரன். துணி எப்படித் தொங்குது பாரு, கொடி மாதிரி."

"இன்னொரு கிளாஸ் ஊத்தவா கூமே?" என்றேன்.

"வேணாம் வேணாம். வேலை இருக்கு. நாளைக்குக் காலைல சீக்கிரம் எந்திரிக்கணும்."

ஒரே கிளாஸ். கிளாஸை மதில்மேல் வைத்துவிட்டு, விசில் அடித்துக்கொண்டு அவன் ஜீப்பை நோக்கி நடந்தான்.

அவன் ஜீப்பைக் கிளப்பும் வரைக்கும்கூட எனக்குப் பொறுமை இல்லை.

"எவெலினோ! வெளிய வாடா!"

வந்தான். கையில் கரண்டி. நெருப்பில் பயறும் சோளமும் போட்ட சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது, வாசம் வந்தது.

"ஏன் கத்தற?"

"எவனாவது அத ரோட்டுப் பக்கம் காயப்போடுவானா? உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? பின்பக்கம் கொடி இல்ல? குளியலறை இல்ல?"

"வெயில் இங்கதான் அடிக்குது. துணின்னா காயணும்."

"துணியா அது? துணியா? நான் எங்க போனேன், எங்க நின்னேன், எல்லாம் அதுல எழுதியிருக்கு! அவன் படிச்சுட்டான்! பையில போட்டுட்டும் போயிட்டான்!"

"வண்டி சுத்தமா இருக்கணும்னா பாயைத் துவைக்கணும் லொரேத்தா. துவைச்சா காயப்போடணும். இதுல என்ன இருக்கு?"

எனக்கு வந்த கோபத்தில் வாங்கி வந்த ரொட்டியை வேலிக்கு எறிந்தேன். நாற்பது வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். என் பிழைப்பையே வேலியில் தொங்கவிட்டுவிட்டான் என்றேன். உன் பால் கலர் சீட்டு நாசமாகப் போகட்டும் என்றேன். கொஞ்சம் தள்ளி வால்டெரின் ஜீப் ஜன்னலை இறக்கிவிட்டபடி நின்றுகொண்டிருந்தது. நான் கத்தி முடித்த பிறகுதான் அது நகர்ந்தது. எவெலினோ ரொட்டியைப் பொறுக்கி மண்ணைத் தட்டிவிட்டு, "சூப்பு ஆறிடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். அந்த நிதானம்தான் என்னை இன்னும் கொளுத்தியது. நான் சாப்பிடவில்லை. அவன் பஸ்ஸுக்குப் போய்விட்டு வந்த பிறகும் பேசவில்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக எழுந்தேன். காரில் தொட்டில் ஏற்கெனவே மாட்டியிருந்தது, காய்ந்து மொடமொடவென்று. கேனில் தண்ணீர் நிரப்பியிருந்தது. அவன் முகத்தில் விழிக்காமல் நாய்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வால்டெர் எனக்கு முன்னாலேயே போயிருப்பான், அது தெரியும். போய் என்ன செய்யப் போகிறேன் என்றும் தெரியவில்லை. என் மரத்தடியில் அவன் மண்வெட்டியோடு நிற்பதை என் கண்ணால் பார்த்து, ஞானத்தகப்பன் உறவை அங்கேயே அந்தக் குழியில் போட்டு மூடிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

ஆலையருகே ஜீப் இல்லை. வண்டித் தடமும் இல்லை. இரவு பெய்த மழையில் பாதை துடைத்து வைத்த மாதிரி கிடந்தது. நாய்களைப் பிடித்துக்கொண்டு மரங்களை நோக்கி ஓடினேன். என் மரத்தடியில் மனிதக் கால் படவில்லை. பீபா நேராகப் போய் முந்தைய நாள் நின்ற அதே இடத்தில் நின்றாள். இந்தத் தடவை என் முகத்தைப் பார்க்கவில்லை, இரண்டு முன்னங்காலாலும் தோண்டினாள். அவளைத் தள்ளி நிறுத்தி, நான் முழங்காலில் உட்கார்ந்து விரலால் மண்ணை விலக்கினேன். என் முஷ்டியைவிடப் பெரியது. அந்த வாசனை மேலே எழுந்து என் முகத்தில் அடித்தது. பதினான்கு வயதுக் கிழவி, பாதி கண் தெரியாது, என் பீபா. அவள் வாயில் ரொட்டித் துண்டும் சீஸும் கொடுத்தேன். குழியை மூடி, இலையைப் பரப்பி, எதுவும் நடக்காத மாதிரி ஆக்கினேன். சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. வால்டெர் எங்கே?

திரும்பும் வழியில் நாற்சந்தியில் தெரிந்தான். ஜீப் ரோட்டோரத்தில் நாலு கதவும் திறந்தபடி நின்றது. அவன் பனியனோடு நின்று, தன் சட்டையால் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். மூன்று நாயும் காதிலிருந்து வால் வரைக்கும் கறுப்பாகப் பளபளத்தன. காரை நிறுத்தி ஜன்னலை இறக்கினேன். இறக்கின வேகத்திலேயே ஏற்ற வேண்டியதாயிற்று. ஆலிவ் எண்ணெய் பிழிகிற காலம் அது. பிழிந்த பிறகு மிஞ்சுகிற கறுப்புக் கழிவுத் தண்ணீரின் நாற்றம், அது உள்ளே போன வண்டியிலிருந்து அடுத்த ஈஸ்டருக்கும் போகாது.

மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினேன்.

"என்ன கூமே, வண்டிக்குப் புது வர்ணமா?"

"சிரிக்காத கூமா. குழிக்குள்ள இறங்கிடுச்சுங்க. எவனோ ஒரு திருட்டுப்பய கழிவைக் கொண்டாந்து கொட்டி வச்சிருக்கான், மேல இலை மூடியிருக்கு, எனக்கென்ன தெரியும்? மூணும் உள்ள போயிடுச்சு. வெளிய வந்துச்சா, நேரா வண்டிக்குள்ள தாவிடுச்சுங்க."

"ஈரத் துணியால ஒரு இழுப்பு, கதை முடிஞ்சுதுன்னு சொன்னியே."

"கூமா, நாளைக்குத் திருவிழா. ஓர்நெல்லா புது கோட்டு போட்டுக்கிட்டு இந்த வண்டியிலதான் ஏறணும். என் பொண்டாட்டிய உனக்குத் தெரியும்ல?" அவன் குரல் இறங்கியது. "உன் வண்டியில இருக்கற அந்தத் தொட்டில குடேன். ஒரு நாளைக்கு. மேல விரிச்சாவது கூட்டிட்டுப் போறேன்."

"துணி இன்னும் சரியா காயல கூமே" என்றேன்.

அப்போதுதான் அவன் டயரைக் கவனித்தேன். கறுப்புக்கு அடியில் நீலம் பாய்ந்த சாம்பல் களிமண், கண்ணாடி மாதிரி வழவழவென்று. அது ஆற்றங்கரைக் களிமண் இல்லை. பஸ்ஸின் கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மூடிக்கிடக்கிற பழைய செங்கல் சூளையின் குழியில் மட்டும்தான் அந்த நீலம் இருக்கும். அங்கே காளானும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் நாய்கள் ஜென்மத்தில் அங்கே போனதில்லை. அப்படியானால் வேலியில் தொங்கியது என் சேறு இல்லை.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. எவெலினோ வாசலில் தட்டையும் துண்டையும் எடுத்துக்கொண்டு நாய்களுக்காகக் காத்திருந்தான்.

"வேலியில காஞ்சது எந்தத் துணி?" என்றேன்.

"ரெண்டாவது. ஒண்ணு துவைக்கப் போட்டா மாத்துக்கு ஒண்ணு வேணாமா? முதல்லயே ரெண்டா தச்சுட்டேன்."

"நேத்து என் வண்டியிலருந்து எடுத்தது?"

"பின்கொட்டகைத் தொட்டியில ஊறுது. போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். சாம்பல் தண்ணீரில் தார்ப்பாய் மூழ்கிக் கிடந்தது. மேலே ஓடையோர மரத்தின் குட்டிக் காய்கள் மிதந்தன, கூடவே ஒரு காட்டுப் புதினா இலை. தொட்டி முழுக்க அந்த வாசனை. திரும்பி வந்தபோது அவன் மோரோவின் முன்னங்காலைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"அப்ப அந்தச் சேறு?"

"சூளைக் குழி. பஸ்ஸத் திருப்பற இடத்துல கொஞ்ச நேரம் நிக்கணும். ஒரு வாளி அள்ளிட்டு வந்தேன். ரெண்டு நாணலும் ஒரு நத்தை ஓடும் சேத்து அப்பினேன். வால்டெர் அந்த நத்தை ஓட்டத்தான் எடுத்துட்டுப் போனான்."

"பஸ்ஸுல சேத்து வாளியா? யாரும் ஒண்ணும் கேக்கலையா?"

"ஒரு அம்மா கேட்டுச்சு. மூஞ்சிக்குப் பூசறதுன்னேன். எனக்கும் கொஞ்சம் குடுன்னு ரொட்டிப் பையில வாங்கிட்டுப் போச்சு."

"கழிவு கிடக்கறது உனக்குத் தெரியுமா?"

"அது தெரியாது. அது அவன் நேரம்."

"என்கிட்ட ஏன்டா சொல்லல? ஒரு நாள் பூரா நான் செத்துட்டேன்!"

"உனக்கு நடிக்க வராது லொரேத்தா. சொல்லியிருந்தா அவன் மூஞ்சியப் பாத்ததும் சிரிச்சிருப்ப. நீ கத்தினியே ஒரு கத்து, அதக் கேட்டுத்தான் அவன் நம்பினான். ஜீப்ப ஓரங்கட்டிக் கேட்டுட்டுப் போனான், பாத்தல்ல? அந்த ஞாயித்துக்கிழமை அவன் சீட்டு இடுக்குல கை விட்டப்பவே முடிவு பண்ணிட்டேன். ஒண்ணும் கிடைக்காதவன் தேடறத நிறுத்த மாட்டான். ஏதாவது கிடைச்சாத்தான் நிறுத்துவான்."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. அதைக் கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"சூளைப் பக்கம் என் இடம் இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் மோரோவின் காலைத் துடைத்து, அங்கியை மாட்டி, அவன் பட்டையைக் கழற்றி அனுப்பினான்.

"கல்யாணமானதிலிருந்து உன் வண்டிய யாரு கழுவறா? அந்தப் பழைய டப்பா வண்டியிலருந்தே நான்தான கழுவறேன். ஒவ்வொரு நவம்பரும் அதே குட்டிக் காய், அதே புதினா. பழைய ஓட்டுத் துண்டு, சிவப்பா, நாய் நகத்துல. ஆலைக் கூரையத் தவிர ஆத்தோரத்துல எங்க ஓடு இருக்கு?" துண்டைப் பிழிந்தான். "எந்த மரம்னு தெரியாது. அத சேறு சொல்லாது."

"போய்ப் பாத்ததே இல்லையா? ஒரு தடவைகூட?"

"போனா என் செருப்புல ஒட்டும். அத வேற யாரு கழுவறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் சுலபத்தில் அழுகிறவள் இல்லை, என் அம்மாவைப் புதைத்த அன்றும் கண் கலங்காமல் நின்றேன். இத்தனை வருடமும் என் ரகசியத்தை நான் தனியாகச் சுமக்கிறேன் என்று நினைத்து எவ்வளவு திமிராகத் திரிந்திருக்கிறேன். பின் சீட்டில் கையுறையோடு குனிந்து, வினிகர் துணியோடு, அவன் அதன் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். எனக்கு அவன் மேல் இருந்த பிரியம் அப்போது நெஞ்சில் வலித்தது. பால் நிற சீட்டு வாங்கியதும் தொட்டில் கட்ட ஒரு சாக்குக்காகத்தான். சீட்டுக்குப் பயந்து தொட்டில் கட்டுகிறான் என்றுதானே ஊரே நினைத்தது. நானும் நினைத்தேன்.

பையிலிருந்து அந்தக் காளானை எடுத்து அவன் ஈரக் கையில் வைத்தேன். அவன் மோந்தான், கண்ணை மூடிக்கொண்டான்.

"எவெலினோ, அந்த மரம் வந்து..."

"சொல்லாத."

"ஏன்?"

"நாளைக்கு நான் வால்டெரோட குடிக்கணும். தெரிஞ்சா ஒரு கிளாஸுக்கு மேல குடிக்க முடியாது. நாளைக்குத் திருவிழா, நல்ல மால்வாசியா ஊத்துவாங்க."

சொன்னேன். அவன் காதோரம் குனிந்து, எத்தனையாவது மரம், எந்தப் பக்கத்து வேர் எல்லாம் சொன்னேன். அவனுக்குச் சொன்னேன், உங்களுக்கு இல்லை. கேட்டு முடித்துவிட்டு அவன் பீபாவைத் தட்டுக்கு அருகே இழுத்து, அவள் காலைக் கழுவ ஆரம்பித்தான். காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

மறுநாள் திருவிழாவில் ஓர்நெல்லா தன் புதுக் கோட்டோடு எங்கள் காரில், பால் நிற சீட்டில்தான் வந்து இறங்கினாள். வால்டெர் பின்னால் சைக்கிளில் வந்தான். பந்தலில் எங்கள் மேசைக்கே வந்து உட்கார்ந்து, பெருந்தன்மையாக எல்லோருக்கும் ஊற்றினான். ஒரு கிளாஸ் முடிந்தது. இரண்டாவது ஊற்ற ஜாடியைச் சாய்த்தபோது எவெலினோ தன் கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடினான்.

வால்டெரின் கை ஜாடியோடு நின்றது. அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னடா எவெலினோ, உனக்கு என்ன ஆச்சு?"

"வண்டி ஓட்டணும்" என்றான் எவெலினோ.

வால்டெர் நம்பவில்லை. நம்பாமல் போகட்டும். நான் என் கிளாஸை நீட்டி, இரண்டாவதையும் வாங்கிக் குடித்தேன்.